எண் கேட்ட கட்டம்

பிழைப் பட்டியலின் நடுவில் அக்கா இருந்தாள். பெயர் கிடையாது, விண்ணப்ப எண்தான். ஆனால் போன மாதம் அந்த எண்ணைப் போனில் கேட்டு எழுதிக்கொண்ட தங்கை இவள்தான். நோயாளியை வீட்டிலேயே வைத்துப் பார்ப்பவர்களுக்குப் பகலில் ஒரு உதவியாளை அனுப்பலாமா கூடாதா என்று தீர்மானிக்கிற மென்பொருளின் பிழைப் பட்டியல் அது. 'நோயாளி தனியாக எத்தனை மணி நேரம் இருப்பார்?' என்ற கட்டத்துக்கு எண் வேண்டும். நினைவு தடுமாறும் கணவரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, 'ஒரு நிமிஷம்கூட முடியாது' என்று எழுதியிருந்தாள்.

அக்கா மட்டுமா? 'தூங்கினால் மட்டும்.' 'கதவைப் பூட்டினால் அரை மணி.' 'அம்மாவை விட்டுட்டு நான் எங்க போறது?' எண் கேட்ட இடத்தில் ஜனங்கள் மனதைக் கொட்டி வைத்திருந்தார்கள். கட்டத்தை வடிவமைத்த மகராசன் எழுத்தைத் தடுக்க மறந்துவிட்டான். மென்பொருளின் விதி ஓடிவந்து இந்த வரிகளில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். நின்றதையெல்லாம் பின்னறையில் ஒரு அம்மாள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்து, பெரும்பாலும் 'சரி' போட்டுவிடுவாள். இப்போது அவளை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இனி ஒரு பிழைகூட மிஞ்சக் கூடாது என்று உத்தரவு. திருத்த வேண்டியவள் இவள்.

திருத்தம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எண்ணாக மாறாததை என்னவாக எடுத்துக்கொள்வது என்று ஒரே ஒரு வரி எழுத வேண்டும். இவள் பூஜ்யம் என்று எழுதி மேலாளரிடம் காட்டினாள். எதைக் கேட்டாலும் 'பார்த்துக்கலாம்' என்பதால் அவருக்கு அலுவலகத்தில் 'பார்த்துக்கலாம் சார்' என்றே பெயர். அன்றைக்கென்று பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை.

"பூஜ்யம் போட்டா இவங்க எல்லாருக்கும் ஆள் அனுப்பணும்மா. மேல ஒத்துக்க மாட்டாங்க. இருபத்து நாலு போடுங்க."

"நாள் முழுக்கத் தனியா இருப்பாங்கன்னு ஆயிடும் சார். எல்லாமே நிராகரிப்புக்குப் போயிடும்."

"மறுபடி விண்ணப்பம் போடட்டும்."

"ஒரு வருஷம் கழிச்சுதான் சார் போட முடியும்."

அவர் அடுத்த கோப்பைப் பிரித்தார். "என் கையில என்னம்மா இருக்கு?"

அக்காவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் வேலை பக்கத்து இருக்கைக்குப் போய்விடும். அவன் மறுபேச்சில்லாமல் இருபத்து நாலைப் போடுவான்; எப்படியும் அக்காவுக்கு ஆள் கிடைக்காது. விழுங்கிக்கொண்டு தன் இடத்துக்கு வந்தாள். பூஜ்யத்தை அழித்தாள். இருபத்து நாலு என்று எழுதி ஓட்டினாள். பிழைப் பட்டியல் காலியானது. பக்கத்து இருக்கைக்காரன் எட்டிப் பார்த்து, "கலக்கிட்டீங்க" என்றான். இவளுக்கு அழுகைகூட வரவில்லை, வெட்கமாக இருந்தது.

போன் அடித்தது. அக்கா.

"ஏதாவது தெரிஞ்சுதாடி? ஆள் வந்தா நான் முதல்ல என்ன பண்ணப் போறேன் தெரியுமா? கதவைத் தாழ் போட்டுக்கிட்டு, நிதானமா, தலைக்குக் குளிக்கப் போறேன்."

"அக்கா..."

"இரு, இரு, உங்க மாமா எழுந்துட்டார். ஐயோ, அடுப்புக்கிட்ட போகாதீங்க!"

போனை எங்கேயோ போட்டுவிட்டு அக்கா ஓடுவது கேட்டது. பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது. துண்டிக்காத போனைக் காதில் வைத்தபடியே இவள் திரையைப் பார்த்தாள். அக்காவின் வரியில் இருபத்து நாலு என்று இருந்தது. போனில், அக்கா வீட்டில் திறந்துவிட்ட குழாய் கொட்டுவது கேட்டுக்கொண்டே இருந்தது. அதை மூட யாரும் வரவில்லை.