ஒன்பது கஜம்

தாய்லாந்தின் ஹுவா ஹின்னில், தகுதிச் சுற்றின் கடைசிக் குழியில், மூன்றடி தூரத்தில் கிடந்த பந்தை யுகேந்திரன் தட்டினான். பந்து குழியின் விளிம்பைச் சுற்றிவந்து வெளியே நின்றது. அதைத் தட்டி உள்ளே போட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றி உடன் ஆடியவரிடம் கைகொடுத்தான். ஆசியச் சுற்றில் ஓராண்டு முழுக்க ஆடுவதற்கு உரிமை தரும் கார்டு அந்த ஒரே ஷாட்டில் தவறிப்போனது. இருபது நிமிடம் கழித்து அதே குழிக்கு வந்த அவனுடைய சிறுவயது நண்பன் மார்க், அதே போன்ற ஒரு பந்தை உள்ளே தள்ளிக் கடைசி இடத்தில் கார்டை வாங்கிக்கொண்டான்.

இருவருக்கும் முப்பத்துமூன்று வயது. யுகேந்திரனின் அப்பா தம்புசாமி கிள்ளானுக்கு வெளியே ஒரு கோல்ஃப் கிளப்பில் புல் வெட்டும் இயந்திரம் ஓட்டியவர். மார்க்கின் அப்பா இக்னேஷியஸ் ரயில்வேயிலிருந்து விலகி அதே கிளப்பில் கேண்டீன் எடுத்து நடத்தினார். உறுப்பினர்கள் தூக்கிப்போட்ட பழைய மட்டைகளை வைத்து இருவரும் ஒன்றாகத்தான் ஆடக் கற்றார்கள். பதினைந்து வயதில் சிலாங்கூர் அணிக்கு யுகேந்திரன் ஆடினான், மார்க் மாற்று ஆட்டக்காரனாக வேனில் உட்கார்ந்து போனான். பதினெட்டிலும் அப்படித்தான். எல்லோரும் யுகேந்திரனைப் பற்றித்தான் பேசினார்கள், மார்க் உட்பட.

ஊர் திரும்பிய மறுவாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையில் மார்க் அவனைக் கூப்பிட்டுப் பேசினான்.

"இந்த சீசனுக்கு என் பேக்க தூக்குறியா?"

"நானா? மட்டைப் பைய தூக்குற கேடியாவா?"

"உன்ன மாதிரி கிரீனோட சரிவ படிக்க எவனுக்கும் தெரியாது லா. ஸ்ரீ கெம்பாங்கான் பயிற்சி ரேஞ்சுல டத்தோ பட்டம் வாங்குன பணக்காரங்களுக்கு மட்டை புடிக்க சொல்லிக்குடுத்துட்டு எத்தன நாள் இருப்ப? என்கூட வா. ஆட்டத்துக்குள்ளயே இருந்த மாதிரி இருக்கும்."

யுகேந்திரன் ரசத்தை ஊற்றிக்கொண்டு சரி என்றான். ஆட்டத்தை விட்டு விலகிவிடக் கூடாது என்று மனைவி குமுதாவிடம் காரணம் சொன்னான். அது பாதி உண்மை. மார்க் இந்த உயரத்தில் தாக்குப்பிடிக்க மாட்டான், அவன் விழும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது மீதிப் பாதி. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் இரண்டு மாதம் அவன் நினைத்தபடியே நடந்தது. ஒவ்வொரு போட்டியிலும் இரண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் பின்தங்கியவர்களில் பாதிப் பேரைக் கழித்துவிடுவார்கள். மணிலாவில் மார்க் வெளியேறினான். பாங்காக்கிலும் வெளியேறினான். வெள்ளிக்கிழமை மாலைகளில் பேக்கைக் கட்டி விமான நிலையத்துக்குக் கிளம்புவார்கள். யுகேந்திரன் மார்க்கின் தோளைத் தட்டி, "அடுத்த வாரம் பாத்துக்கலாம் லா" என்பான். அப்படிச் சொல்லும்போது நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கும். அந்தக் குளிர்ச்சியைக் கண்டு அவன் கொஞ்சம் பயந்தான், ஆனால் வெறுக்கவில்லை.

பிறகு மார்க் நன்றாக ஆட ஆரம்பித்தான். அதற்கு யுகேந்திரனும் ஒரு காரணம். குழியைச் சுற்றியிருக்கும் கிரீன் புல்தரையில் சரிவைக் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டு, பந்துக்கும் குழிக்கும் நடுவில் நின்று பாதத்தால் உணரச் சொன்னான். எந்தக் காலில் பாரம் இறங்குகிறதோ அந்தப் பக்கம்தான் பந்து ஓடும். மார்க் கேட்டுக்கொண்டான். எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்வது அவனுடைய சுபாவம். தைவானில் இருபதாவது இடம். டெல்லியில் மூன்றாம் நாள் முடிவில் அவன் பெயர் பலகையின் உச்சியில் இருந்தது, கடைசியில் நான்காவதாக வந்தான்.

டெல்லியில் தொலைக்காட்சிக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். யுகேந்திரன் இரண்டடி தள்ளி, தோளில் பேக்கோடு, ஈரத் துண்டால் மட்டையைத் துடைத்துக்கொண்டு நின்றான். மார்க் அவனைக் கைகாட்டி ஆங்கிலத்தில் சொன்னான். "இது என் கேடி யுகேன். சின்ன வயசுல என்னைவிட நல்லா ஆடினவன்."

ஆடினவன். கேமரா அவன் பக்கம் திரும்பியதும் யுகேந்திரன் சிரித்தான். தன்னை மறந்துபோயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அன்று முழுதும் அந்த ஒரு சொல்லையே மென்றுகொண்டிருந்தான்.

பண்டமாரானில் வீட்டுக்குத் திரும்பியபோது பக்கத்து வீட்டு இராஜம்மா அக்கா கேட்டிலேயே நிறுத்தினார். "டிவியில பாத்தேன் தம்பி. மார்க் என்னமா ஆடுறான். நீயும் பின்னாடி நின்ன, பாத்தேன்."

"ஆமா க்கா."

"நீயும் முன்ன ஆடுவ இல்ல?"

அவன் செருப்பைக் கழற்றினான்.

ஜகார்த்தாவில்தான் அது நடந்தது. இரண்டாம் நாள், பதினைந்தாவது குழி. குட்டையைத் தாண்டி அடிக்க வேண்டிய சின்னக் குழி. தூரத்தைக் கணக்கிட்டுச் சொல்வது கேடியின் வேலை. கிரீனின் முன்விளிம்பு வரை நூற்று நாற்பத்தெட்டு கஜம். அன்று காலை கொடுத்த தாளின்படி குழியில் நட்ட கொடி அங்கிருந்து ஒன்பது கஜம் உள்ளே. இரண்டையும் கூட்டிச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் மார்க்கும் தூரங்கள் குறித்த தன் புத்தகத்தைப் பிரித்துச் சரிபார்ப்பான். டெல்லிக்குப் பிறகு அவன் புத்தகத்தைத் திறப்பதே இல்லை.

"எவ்ளோ டா?"

"நூத்தி நாப்பத்தெட்டு."

"கொடிக்கா?"

யுகேந்திரன் ஒரு கணம் அந்தத் தாளைப் பார்த்தான். ஒன்பது என்ற எண் அதில் தெளிவாக இருந்தது. "ஆமா" என்றான்.

மார்க் அந்தக் குறைந்த தூரத்துக்கான ஒன்பதாம் நம்பர் மட்டையை எடுத்தான். அழகான அடி. பந்து உயரப் போய், முன்விளிம்புக் கரையில் விழுந்து, பின்னால் உருண்டு குட்டைக்குள் போனது. அந்த வாரம் ஒரே ஒரு ஷாட் வித்தியாசத்தில் மார்க் வெளியேறினான்.

மைதானத்திலிருந்து வெளியே வரும்போது மார்க் அவன் முதுகில் கைவைத்தான். "சாரி டா. நீ சரியாத்தான் சொன்ன. நான்தான் முழுசா அடிக்கல."

யுகேந்திரனால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விமானத்தில் தனக்குத்தானே பல தடவை சொல்லிப் பார்த்தான். வெயில், களைப்பு, கூட்ட மறந்துவிட்டேன். எத்தனை தடவை சொன்னாலும் அந்த "ஆமா" அவன் வாயிலிருந்து வந்ததுதான்.

அதற்குப் பிறகு மார்க்கின் ஆட்டம் தேயத் தொடங்கியது. குட்டையைப் பார்த்தால் தயங்கினான். தேவைக்கு மேல் பெரிய மட்டையை எடுத்துக் கிரீனைத் தாண்டி அடித்தான். யுகேந்திரன் இப்போது எல்லாத் தூரத்தையும் இரண்டு முறை கூட்டிச் சரியாகவே சொன்னான். பலன் இல்லை. முன்பு வந்த குளிர்ச்சியும் வரவில்லை. ஆனால் பொறாமையும் போகவில்லை.

ஒரு ஞாயிறு காலை, தோசைக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்த குமுதாவிடம் நடந்ததைச் சொன்னான். அவள் மிக்சியை நிறுத்தினாள்.

"வேணும்னே செஞ்சீங்களா?"

"ம்."

அவள் ஜாரைக் கழற்றி வைத்தாள். பிறகு, "அவருக்கு கார்டு கிடைச்ச அன்னிக்கி எனக்கும்தான் எரிஞ்சிச்சி. அவரு வைஃப் ஏமி போட்ட போட்டோவ பாத்துட்டு போன தூக்கி போட்டேன். ஆனா நீங்க செஞ்சது வேற" என்றாள். "அவர்கிட்ட சொல்லுங்க. சொல்லிட்டு அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கிட்டு வாங்க."

சீசனின் கடைசிப் போட்டி செமினி பக்கம், பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளைச் சுற்றி அமைத்த ஒரு மைதானத்தில். ஆண்டு முடிவில் முதல் அறுபது பேருக்குத்தான் அடுத்த ஆண்டும் கார்டு. மார்க் அறுபத்துநான்காவது இடத்தில் இருந்தான். செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வந்தபோது, இருவரும் தனியாக இருந்த நேரம் பார்த்து யுகேந்திரன் பேச்சை எடுத்தான்.

"ஜகார்த்தாவுல பதினஞ்சாவது குழி. கொடிக்கு நூத்தி அம்பத்தேழு. நான் முன்விளிம்ப மட்டும் சொன்னேன்."

மார்க் அடித்துக்கொண்டிருந்ததை நிறுத்தினான். "மறந்துட்டியா?"

"இல்ல."

"அப்புறம்?"

"பொறாமை டா. வேற ஒன்னும் இல்ல."

அந்தச் சொல்லை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. மார்க் மட்டையின் தலையில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் சுரண்டினான். வெகுநேரம் சுரண்டினான்.

"நான் உன்கிட்ட சாரி கேட்டேன்" என்றான் கடைசியில். "கை நடுங்குதுன்னு ஏமிகிட்ட சொன்னேன். டாக்டர பாத்தேன், தெரியுமா? நரம்புல ஏதோன்னு நெனச்சி ஸ்கேன் எடுத்தேன். நீ பக்கத்துலயே இருந்த."

யுகேந்திரனுக்கு அது தெரியாது.

"பேக்க வச்சிட்டு போ."

அவன் பேக்கைக் கீழே வைத்துவிட்டு நடந்தான்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வீட்டிலிருந்தே போனில் மதிப்பெண்களைப் பார்த்தான். மார்க் வெளியேறவில்லை. ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் எடுத்து, மற்ற பார்வையாளர்களோடு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றான். மார்க்கின் பேக்கை அந்தக் கிளப்பின் கேடி சுகுமாறன் தூக்கியிருந்தான். நல்ல ஆள், வேலை தெரிந்தவன். அவன் துண்டை நனைப்பதையும் மார்க் அவனிடம் தலையாட்டிப் பேசுவதையும் பார்க்கப் பார்க்க யுகேந்திரனுக்குப் பற்றி எரிந்தது. இத்தனை மாதம் மார்க்கின் இடத்தின்மேல் இருந்த எரிச்சல் இப்போது அந்தப் பேக்கின்மேல் திரும்பியிருந்தது. அவமானம் என்று நினைத்துக்கொண்டே தூக்கிய பேக் அது.

ஏழாவது குழியருகே இக்னேஷியஸ் அங்கிள் அவனைக் கண்டுபிடித்தார். குடையை அவன் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார்.

"முதுகு வலி எப்படி இருக்கு தம்பி?"

"என்ன அங்கிள்?"

"மார்க் சொன்னான். நிமிர முடியலையாமே. வீட்டுல படுக்காம இந்த வெயில்ல ஏன் வந்த?"

நடந்ததை மார்க் யாரிடமும் சொல்லவில்லை. கேடிக்கு முதுகு வலி என்று சொல்லிச் சமாளித்திருக்கிறான். யுகேந்திரனுக்கு முதலில் வந்தது நன்றி அல்ல. இதிலும் அவன் முந்திக்கொண்டுவிட்டானே என்ற கசப்புதான் முதலில் வந்தது. நன்றி அதற்குப் பிறகு, மெதுவாக, ஒன்பதாவது குழி பக்கம்தான் வந்தது.

கடைசிக் குழிக்கு வந்தபோது கணக்குத் தெளிவாக இருந்தது. ஆறடியில் கிடந்த பந்து விழுந்தால் கார்டு தங்கும். விழாவிட்டால் போய்விடும். சுகுமாறன் குனிந்து பார்த்து இடது விளிம்பைக் காட்டினான். யுகேந்திரனுக்கு அங்கிருந்தே தெரிந்தது, அது தவறு. கண்ணுக்கு வலப்பக்கக் குட்டையை நோக்கிச் சரிவதுபோல் இருந்தாலும் தரை எதிர்ப்பக்கம்தான் சாய்ந்திருந்தது. ஆட்ட விதிப்படி வெளியிலிருந்து யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. வாயை மூடிக்கொண்டு நின்றான். விழக் கூடாது என்று மனதின் ஒரு மூலை கேட்டதை அவன் மறுக்கவில்லை. ஆனால் கயிற்றை அழுத்திப் பிடித்திருந்த கை வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தது.

மார்க் தட்டும் மட்டையோடு குனிந்தான். பிறகு விலகினான். பந்துக்கும் குழிக்கும் நடுவில் போய் ஒரு பக்கமாகத் தள்ளி நின்று, கண்ணை மூடி, பாதங்களில் பாரத்தை உணர்ந்தான். திரும்பி வந்து வலது விளிம்பைக் குறிவைத்துத் தட்டினான். பந்து விழுந்தது.

இக்னேஷியஸ் அங்கிள் அழுதுகொண்டே யுகேந்திரனைக் கட்டிக்கொண்டார். அவன் அசையாமல் நின்றான்.

மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த மார்க், வாகன நிறுத்துமிடத்துப் பாதையில் அவனைப் பார்த்து நின்றான்.

"அடுத்த சீசன் பேக் சுகுமாறனுக்கு."

"சரி."

"தகுதிச் சுற்றுக்கு பேர் குடுத்தியா?"

"இல்ல."

"குடு. நீ என் பக்கத்துல நின்னா நம்ம ரெண்டு பேரும் உருப்பட மாட்டோம் லா." அவன் குரலில் கோபம் இருந்தது, ஆனால் அது மட்டும் இல்லை. "மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத. இன்னும் இல்ல."

"தெரியும்" என்றான் யுகேந்திரன். "முதுகு வலின்னு சொன்னதுக்கு..."

மார்க் கையை ஆட்டி அதைத் தடுத்துவிட்டு, ஏமி காத்திருந்த காரை நோக்கிப் போனான்.

யுகேந்திரன் பெயர் கொடுத்தான். இந்த முறை நான்கு ஷாட் வித்தியாசத்தில் கார்டைத் தவறவிட்டான். ஒரு ஷாட்டில் தவறியபோது வந்த வலியில் கால்வாசிகூட இப்போது வரவில்லை, ஏனென்று அவனுக்கே புரியவில்லை. அடுத்த படியில் உள்ள சிறிய போட்டிகளில் ஆட இடம் கிடைத்தது. கேமரா கிடையாது, கூட்டம் கிடையாது. தன் பேக்கைத் தானே தூக்கினான்.

ஏப்ரலில் ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் ஒரு போட்டி. ஆரம்பிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது போனில் செய்தி வந்தது. கொரியாவில் மார்க் இரண்டாவதாக வந்திருந்தான். படத்தில் கோப்பைக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தான். யுகேந்திரனுக்குப் பழைய பொறாமை குத்தியது. அந்தக் குத்து நிற்கட்டும் என்று காத்திருந்தான், நிற்கவில்லை. 'நல்லா ஆடுன' என்று எழுதினான். பொய்யாக இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்தான். இல்லை. அனுப்பினான்.

அதற்குள் அவன் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். டிரைவர் மட்டையை எடுத்துக்கொண்டு போய், பந்தை வைத்து அடித்தான். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டான். பந்து இடப்பக்கம் உயரமான புல்லுக்குள் போய் விழுந்தது. பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு அதைத் தேடிப் போனான்.