பத்து நிமிடத்துக்கு ஒரு டிக்

புதுசின் மேல் எனக்கு முதல் நாளே சந்தேகம் வந்துவிட்டது. குழந்தைகள் காப்பகத்துக்கு வேலைக்கு வந்தவள், வந்ததும் ஒரு குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டாமா? இவள் சுவரோரம் உட்கார்ந்து அறை முழுவதையும் ஒரு நோட்டம் விட்டாள். உதடு மட்டும் முணுமுணுவென்று அசைந்தது. என்னடி ஜெபம் பண்றே என்று கேட்டேன்.

"தலை எண்றேன் அக்கா. பதினொண்ணு சரியா இருக்கு."

பதினாறு வருடமாக இரண்டு வயதுப் பிள்ளைகளை மேய்க்கிறவள் நான். எனக்கே பாடம்!

திங்கட்கிழமை மதியம், தூங்கி எழுந்த சுண்டுவுக்குச் சட்டை மாற்றும்போது பார்த்தேன். முழங்கைக்குக் கீழே, உள்பக்கமாக, பொத்தான் அளவுக்குக் கன்றிப்போன ஒரு சிவப்பு. காலையில் அது இல்லை. செவ்வாய்க்கிழமை பக்கத்திலேயே இன்னொன்று. சாயங்காலம் அவள் அம்மா கண்ணில் அது பட்டுவிட்டது.

"கிள்ளின மாதிரி இருக்கே. யாரு கிள்ளினது?"

கேட்டது என்னிடம், பார்த்ததோ என் விரல்களை. எனக்குக் கூசிப்போயிற்று.

மேடம் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு விஷயம் தெரியணும். இல்லன்னா உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் இங்க இருக்க முடியாது."

வந்து மூன்று வாரமான புதுசு எங்கே, நான் எங்கே. இருந்தாலும், இந்த வயதில் என்னை யார் வேறு வேலைக்கு எடுப்பார்கள்?

மதியத் தூக்கத்துக்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. ஜன்னல் பக்கம் ஐந்து பாய் அவளுக்கு, அலமாரிப் பக்கம் ஆறு பாய் எனக்கு. பத்து நிமிடத்துக்கு ஒருதரம் ஒவ்வொரு பாயிடமும் குனிந்து, முகம் பார்த்து, மூச்சுப் பார்த்து, தாளில் டிக் போட வேண்டும். சுண்டு என் பக்கம். ஆனால் புதுசு தன் ஐந்து பேரையும் பார்த்துவிட்டு என் பக்கமும் வந்து குனிவாள். புதன்கிழமை சுண்டுவின் போர்வையில் கை வைத்தாள்.

"அங்க என்ன நோண்டறே?"

"முகத்த மூடிட்டுப் படுத்திருக்கா அக்கா. மூச்சு தெரியல, அதான்."

"என் பக்கத்த எனக்குப் பாத்துக்கத் தெரியும். நீ உன் வேலையப் பாரு."

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. நான் விடுவேனா? திங்கள், செவ்வாயிலேயே என் கண் பாதி அவள் மேல்தான். புதனும் வியாழனும் நாற்காலியில் உட்கார்ந்தபடி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவளையே பார்த்தேன். அவள் கை எங்கே போகிறது, நகம் வெட்டியிருக்கிறாளா, எதற்கு எழுந்திருக்கிறாள். மணி பார்த்து டிக் மட்டும் தானாக விழுந்துகொண்டிருந்தது. அவள் தன் பக்கத்தைத் தாண்டவே இல்லை. சுண்டுவின் கையில் தடம் மட்டும் நாலாகிவிட்டது. கைகாரி, கை கழுவக் கூட்டிப் போகும்போது கிள்ளுகிறாள் என்று முடிவு கட்டினேன்.

வியாழன் சாயங்காலம் மேடத்திடம் போய், "கண்ணால பாக்கல மேடம். ஆனா அவளேதான்" என்றேன்.

வெள்ளிக்கிழமை தூக்க நேரத்தில் மேடம் புதுசைக் கூப்பிட்டனுப்பினார். எதற்கென்று எனக்குத் தெரியும். அறையில் பிள்ளைகளும் நானும் மட்டும். பார்த்துக்கொண்டிருக்க அவள் இல்லாததால் எனக்கு உட்காரவே பிடிக்கவில்லை. எழுந்து ஒவ்வொரு பாயாகக் குனிந்தேன். சுண்டு அலமாரி பக்கம் திரும்பி, போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டிருந்தாள். உள்ளேயிருந்து சப் சப்பென்று ஒரு சத்தம். போர்வையை விலக்கினேன். கண் மூடித் தூங்கியபடியே தன் கையில் தடம் விழுந்த இடத்தையே வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

அடிப்பாவி, நீயாடி! சிரிப்பு வந்தது. அப்புறம் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். நாலு நாளும் சுண்டுவின் கட்டம் நிறைய டிக். கீழே என் கையெழுத்து.

நாளையிலிருந்து முழுக்கைச் சட்டை போட்டுவிட்டால் போதும். தடம் நின்றுவிடும். புதுசு போனதால் நின்றது என்று எல்லோரும் நம்புவார்கள். இதை நான் நினைக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நினைத்தேன். சாயங்காலம்வரை அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் சுண்டுவின் அம்மா வந்தாள். "ஆளை நிறுத்திட்டோம். இனிமே கவலைப்படாதீங்க" என்றார் மேடம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்ற புதுசை அந்த அம்மா ஒரு பார்வை பார்த்தாள். அதே பார்வையை நானும் நாலு நாள் பார்த்திருக்கிறேன். புதுசு அழுது வீங்கிய முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குத் தாங்கவில்லை.

"இவ ஒண்ணும் பண்ணலங்க. பாப்பாவே தூக்கத்துல கையச் சப்புறா. இன்னிக்கு மத்தியானம் பாத்தேன்."

அம்மா திகைத்துப்போய், "போன வாரம்தான் பால் பாட்டில நிறுத்தினோம்..." என்றாள்.

மேடம் என் கையிலிருந்த தாளை வாங்கினார். விரல் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார்.

"நாலு நாளா பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் பாத்ததா கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்ப நீங்க யாரப் பாத்துட்டிருந்தீங்க?"

"இவளத்தான் மேடம்" என்றேன்.

புதுசின் தோளிலிருந்த பையை மேடமே வாங்கிக் கீழே வைத்தார். என்னுடைய பையை எடுத்துவர நான் உள்ளே போனேன்.