ஒன்பதாவது படம்

சந்தைக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், பழைய வீடியோ கேம் சாமான்களை ரிப்பேர் செய்கிற அவளை எல்லோரும் இடுக்கியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முடி இடுப்பைத் தாண்டும். அதைச் சுருட்டிக் கொண்டை போட்டு, கொண்டைக்குள் இடுக்கியைச் செருகி வைத்திருப்பாள். வேலை நடுவே கை தானாகப் பின்னால் போய் உருவிக்கொள்ளும். சால்டரிங் சூட்டில் ஒருநாள் பொசுங்கப் போகிறது, வெட்டித் தொலை என்று பக்கத்து மேஜையில் டிவி ரிப்பேர் செய்யும் அண்ணன் சொல்லாத நாளில்லை. அவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

தொழிலில் அவளுக்கு ஒரு கறார் உண்டு. பழைய கேசட்டுக்குள் நகத்தளவு பட்டன் செல் ஒன்று இருக்கும். உள்ளே பதிந்திருப்பதெல்லாம் அந்தச் செல்லின் தயவில்தான் உயிரோடு இருக்கிறது. செல்லைக் கழற்றினால் கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் போச்சு. அதனால் எதைத் திறப்பதற்கு முன்னும் வந்தவர் கண் முன்னாலேயே ஓட்டிக் காட்டுவாள். பிறகு ஒரு சீட்டில் கையெழுத்து வாங்குவாள்: 'உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டேன், போனால் பரவாயில்லை.' பன்னிரண்டு வருஷத்தில் ஒருவரும் அவள் மேஜையில் ஏமாந்து அழுததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

பல் டாக்டர் வந்தது ஒரு மத்தியானம். நல்ல மனிதர், சிரித்த முகம், மேடம் மேடம் என்று வாய் நிறைய மரியாதை. அப்பா போன மாதம் தவறிவிட்டாராம். வீட்டை ஒழிக்கும்போது பீரோவின் அடித்தட்டில் கிடைத்ததாம். கையில் வைத்து விளையாடும் கேம் பெட்டியும், அதன் மண்டையில் செருகுகிற உருண்டைத் தலைக் கேமராவும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் படம் எடுத்து விளையாடுவார்களே, அது. அந்தக் கேமராவின் தலையைக் குடைந்து கேசட் செருகுகிற வாய் ஒன்று வைத்துத் தர வேண்டும், அதன் வழியாக கேம் ஓட வேண்டும். கிளினிக்கில் மேஜை மேல் வைத்துக்கொள்ள ஆசை. நேராகச் செருகினாலே ஓடும் கேசட்டை எதற்குக் கேமரா வழியாகச் செருக வேண்டும் என்று கேட்டால், உலகத்தில் பாதித் தொழில் படுத்துவிடும். அவள் கேட்கவில்லை. கேமராவின் சொந்தச் சிப்பையும் செல்லையும் எடுத்தால்தான் இடம் கிடைக்கும், உள்ளே இருக்கும் படங்கள் போய்விடும் என்று மட்டும் சொன்னாள். பார்க்கிறீர்களா என்றும் கேட்டாள்.

அவர் காதில் போன். "அதுல என்ன மேடம் இருக்கப்போகுது, சின்ன வயசுக் குப்பை. தாராளமா அழிச்சுடுங்க" என்று கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆனாலும் பழக்கம் விடுமா. திறப்பதற்கு முன் அவள் தானே ஓட்டிப் பார்த்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய திரை, சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாகப் படங்கள். ஒரு செருப்பு. மின்விசிறி. ஒரு நாயின் மூக்கு. இரட்டைப் பின்னலோடு ஒரு பெண். எட்டாவதில், நாக்கைத் துருத்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளையைச் சிரிக்க வைக்கப் பார்க்கிற ஓர் அப்பா.

ஒன்பதாவதில் அவளே இருந்தாள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். பதினோரு வயதில் தலையில் புண் வந்து, மருந்து போடுவதற்காக அம்மா மொட்டை அடித்துவிட்டாள். துணியைச் சுற்றிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனாள். ஒருவன் துணியைப் பிடுங்கினான், இன்னொருவன் கேமராவை நீட்டினான். அழுகிற வாய், புண் தலை. அந்தக் கேமராவில் படத்தின் மேல் கிறுக்கலாம். கிறுக்கினான், இரண்டு கொம்பு. கூடவே விற்ற குட்டிப் பிரிண்டரில் ஒட்டுக் காகித ரோல் தீரும் மட்டும் அடித்து, பெஞ்சு பெஞ்சாக, பஸ் சீட்டு முதுகில், கக்கூஸ் கதவில் ஒட்டினான். அன்றிலிருந்து அவள் பெயர் கொம்பு மொட்டை. அம்மா அந்தக் கேமராக்காரன் வீட்டு வாசலுக்குப் போய்க் கேட்டபோது அவன் அப்பா சிரித்தார். "பசங்கன்னா அப்படித்தாம்மா இருக்கும், முடி வளந்தா எல்லாம் மறந்துடும்" என்றார். முடி வளர்ந்தது. அதற்குமேல் அவள் அதில் கத்தரி வைக்கவிடவில்லை.

அடித்தவன் மறப்பான், அடி வாங்கியவன் மறக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள். அந்தப் பல் டாக்டருக்கு இனிமேல் என்ன மரியாதை. அவன் அவள் முகத்துக்கு நேரே நின்று மேடம் என்றான், சிரித்தான், கையெழுத்தும் போட்டான். ஒரு பொறி தட்டவில்லை அவனுக்கு. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அவன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூட அவள் எதிர்பார்க்கவில்லை. அவன் தன்னைப் பார்த்து, யார் என்று தெரிந்து, முகம் செத்துப்போக வேண்டும். அவ்வளவுதான் வேண்டும்.

உள்ளே இருந்த முப்பது படத்தையும் கம்ப்யூட்டரில் இறக்க ஐந்து நிமிஷம் போதும். கேபிள் மேஜை இழுப்பறையிலேயே இருந்தது. நேற்று வரை வேறு யாராக இருந்தாலும், சீட்டில் என்ன எழுதியிருந்தாலும், செத்துப்போன அப்பாவின் படம் என்றால் ஓடிப்போய் இறக்கிக் கொடுத்திருப்பாள். இன்றைக்கு இழுப்பறையைத் திறக்கவில்லை. கடையில் இருந்த குட்டிப் பிரிண்டரை மாட்டி, ஒன்பதாவதை மட்டும் ஒரு தடவை அடித்தாள். எட்டாவதுக்கு ஒருமுறை திரும்பிப் போனாள். நாக்கைத் துருத்திக்கொண்டு அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். 'எல்லாம் மறந்துடும்' என்று அவருக்கே சொல்லிவிட்டு, கொண்டையிலிருந்து இடுக்கியை உருவி, சால்டரிங் முனையை வைத்துச் செல்லைக் கிள்ளி எடுத்தாள். ரொம்பச் சுகமாகவே இருந்தது.

வேலையில் குறை வைக்கவில்லை. உருண்டைத் தலையைக் குடைந்து, உள்ளே வாய் பொருத்தி, ஓரத்தை அரத்தால் தேய்த்து வழவழவென்று ஆக்கினாள். இத்தனை கச்சிதமாக அவள் எதையும் செய்ததில்லை.

நாலாம் நாள் அவன் வந்தான். கேசட்டைச் செருகி ஒரு ஆட்டம் ஆடினான், குழந்தை மாதிரி குதித்தான். பிறகுதான் தயங்கினான். நேற்று அக்கா போனில் பேசினாளாம். அப்பாவுக்குப் போட்டோ என்றாலே ஆகாது, கேமராவைக் கண்டால் எழுந்து போய்விடுவார், ஆனால் இந்தப் பொம்மைக் கேமராவுக்கு மட்டும் ஒருநாள் முகத்தைக் காட்டினார் என்று அவள்தான் ஞாபகப்படுத்தினாளாம். வீடு முழுக்கத் தேடியும் அடையாள அட்டைப் படம் தவிர அவர் படம் வேறெதுவும் கிடைக்கவில்லையாம்.

"உள்ளே அப்பா இருந்தாரா மேடம்?"

அவள் சீட்டை எடுத்து அவன் பக்கம் தள்ளினாள். தன் கையெழுத்தையே அவன் வெகுநேரம் பார்த்தான். உதடு கோணியது. இத்தனை பெரிய ஆள், கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் காத்திருந்த முகம் கிட்டத்தட்ட வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு படிதான் பாக்கி.

"ஒரே ஒரு படம் மட்டும் எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள்.

பிச்சைக்கு ஏந்துகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டி வாங்கினான். வெளிச்சத்துக்குத் திருப்பினான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனான். அந்தப் புள்ளிகளுக்குள் அவன் அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தான்.

"இது யாரு மேடம்?"

"நல்லாப் பாருங்க."

பார்த்தான். உண்மையாகவே பார்த்தான், அதில் பாசாங்கு இல்லை. பிறகு தலையை ஆட்டினான். "தெரியலையே. யாரோ மொட்டைப் பையன். பக்கத்து வீட்டுப் பையனா இருக்கும்."

நான்தான்டா அது என்ற சொல் தொண்டை வரை வந்தது. சொன்னால், அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்பது அவளுக்கு உடனே உறைத்தது. இந்தப் படத்தை எடுத்து வைக்கத் தெரிந்தவளுக்கு அப்பா படத்தை எடுத்து வைக்கத் தெரியாதா என்பான். டிவிக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். பன்னிரண்டு வருஷக் கர்வம் அங்கேயே செத்துவிடும். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட மாதிரி ஆயிற்று. சீட்டைத் தன் பக்கம் இழுத்து மடித்தாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, நீங்கள் கேட்கத்தான் கேட்டீர்கள், நான்தான் பார்க்கவில்லை என்றான். "நீங்களாவது ஒண்ணு எடுத்து வைக்கணும்னு நெனச்சீங்களே, ரொம்ப நன்றி மேடம்" என்று கும்பிட்டான். காகிதத்தைக் கவுண்டரிலேயே வைத்துவிட்டு, கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான்.

டிவிக்கார அண்ணன் ஸ்குரூ டிரைவரோடு எழுந்து வந்து காகிதத்தை எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா இது? உன் தம்பியா? உன் ஜாடை அப்படியே இருக்கே."

"இல்லண்ணே" என்றாள் அவள். "யாரோ பையன்."