ஹஜ்ரத்துக்கு ஓட்டு

கடைத்தெரு மாடியில் இருக்கும் எங்கள் பள்ளிவாசலில், தொழுகை நடத்தும் ஹஜ்ரத் தமக்குத் தாமே தேர்தல் வைத்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து எழுந்தவர்களை உட்காரச் சொன்னார்.

"பின்னால நிக்கிறவங்க வெறுத்துப் போயிருந்தா, முன்னால நிக்கிறவரோட தொழுகை தலைக்கு மேல ஒரு சாண்கூட ஏறாதுன்னு நபிமொழி இருக்கு. உங்க மனசு எனக்குத் தெரியணும். வேணாம்னா போயிடறேன்."

"இதுக்கெதுக்கு ஓட்டு? கலந்து பேசுவோம், மஷூரா போதும்" என்றார் ஜமாஅத் தலைவரான பாத்திரக்கடைக்காரர். "ஹஜ்ரத் வேணாங்கிறவங்க கை தூக்குங்கப்பா."

ஒரு கையும் எழவில்லை.

"பாத்தீங்களா, ஏகமனசு."

"என் முகத்தையும், கடை வாடகை வாங்கற உங்க முகத்தையும் வச்சுக்கிட்டு யாரு தூக்குவாங்க, பாய்? சீட்டுல எழுதட்டும். 'இருக்கட்டும்', இல்ல 'போகட்டும்'. பேர் வேணாம்."

"திரைக்கு அந்தப் பக்கம் பொம்பளைங்களுமா?"

"அவங்க யார் பின்னால தொழறாங்க?"

சீட்டுகள் ஒரு தொப்பியில் சேர்ந்தன.

ஹஜ்ரத் தங்கமானவர். ஆனால் தொழுகையில் ஓத ஆரம்பித்தால் லேசில் முடிக்கமாட்டார்; கல்லாவில் உட்கார ஆளில்லாதவன் பாடு திண்டாட்டம். அது அவருக்கும் தெரியும். மனைவியும் நான்கு பிள்ளைகளும் பள்ளிவாசல் கொடுத்த அறையில்தான் குடியிருந்தார்கள். முதல் சீட்டை அவரே பிரித்துப் படித்தார்.

'இருக்கட்டும். ஓதறதைப் பாதியாக்கணும்.'

அடுத்தது: 'போகட்டும். பயான் பேச்சைக் குறைச்சா இருக்கட்டும்.'

இன்னொன்று: 'பகல்ல லுஹர் தொழுகையை மட்டும் சுருக்கினா சம்மதம்.'

திரைக்கு அப்பாலிருந்து வந்தது: 'இருக்கட்டும். ஸ்பீக்கர் எங்க பக்கம் கேக்கல.'

எங்கள் ஆட்களுக்கு ஒரே விலை சொன்னால் வாங்கவும் தெரியாது, விட்டுப்போகவும் தெரியாது. தொப்பி முழுக்க அடித்துக் கேட்ட விலை.

"அத்தனையும் செல்லாத ஓட்டு" என்றார் தலைவர்.

"செல்லும் பாய். வெறுத்தவன் பேரம் பேசமாட்டான், எழுந்து போயிடுவான்." ஹஜ்ரத் சீட்டுகளைத் தொப்பியிலேயே திருப்பிப் போட்டார். "லுஹர் சுருக்கம். ஸ்பீக்கர் நாளைக்கே. பயான் முக்கால்."

"பாதி" என்றார் துணிக்கடைக்காரர்.

"சரி, பாதி. விடியக்காலைல சுபுஹுல மட்டும் கை வைக்காதீங்க."

"சுபுஹுக்கு நாங்க எங்க வர்றோம்? இஷ்டம்போல ஓதுங்க."

சிரிப்பு அடங்கியதும் திரைக்குப் பின்னாலிருந்து தையற்காரரின் மனைவி கேட்டார்: "ஹஜ்ரத், அடுத்த வருஷமும் சீட்டு உண்டா?"

"உண்டு, தங்கச்சி."

"அப்ப தலைவருக்கும் சேத்தே வச்சிடுங்க."

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் தாடியை நீவிக்கொண்டார்.

"பாதி ஓட்டு, பாதி மஷூரா," என்றார். "கட்டுப்படியாகுமா?"