சண்முகப்ரியாவின் பேச்சு

ஈஸ்வரமூர்த்தி வசனம் எழுதிய முதல் படம் வெளியான வெள்ளிக்கிழமை காலையில், அவர் மனைவி சண்முகப்ரியாவால் ‘ரெண்டு வாய் உண்டுபோட்டுப் போங்க’ என்று சொல்ல முடியாமல் போயிற்று. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மற்றதெல்லாம் வழக்கம்போலப் பேசினாள். கோவை ஆர்.எஸ்.புரத்து டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்து, தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார். அதே வரிக்குப் பொள்ளாச்சித் தியேட்டரில் கை தட்டினார்கள். அடுத்த படத்தோடு, காய்ச்சலில் கிடப்பவர் நெற்றியைத் தொட்டு அவள் சொல்லும் ‘ஒண்ணுமில்லீங்க, செரியாப் போயிரும்’ போயிற்று. வேறு யார் எழுதினாலும் ஒன்றும் ஆகவில்லை; அவர் எழுதினால்தான் போயிற்று. சென்னையில் அவர் வசனத்தில் உயிர் இருக்கிறது என்று மெச்சினார்கள். அது யாருடையது என்று அவருக்குத் தெரியும். ஒருநாள், எழுதுவதையே விட்டுவிடுகிறேன் என்றார். “எடுத்துக்குங்க. ஊட்டுக்குள்ள கெடந்து என்ன பண்ணப்போவுது, நாலு பேரு கேக்கட்டும்” என்றாள் அவள். அந்த வரி நன்றாக இருந்தது. அதையும் எழுதினார்.

மகள் நந்திதாவை அவள் கூப்பிடும் ‘கண்ணு’ ஒன்றை மட்டும் பல வருடம் தொடாமல் வைத்திருந்தார். பிறகு ஒரு தயாரிப்பாளர் அவரையே இயக்கச் சொன்னார். தன் காட்சிகளை மற்றவர்கள் பாழாக்குவதைப் பார்த்துப் பார்த்து அவர் ஏங்கிக் கிடந்த வாய்ப்பு அது. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு தாய் மகளை வழியனுப்பும் கடைசிக் காட்சி. நடிகை எத்தனை முறை நடித்தும் ஒட்டவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. “உங்க ஊர்ல மகளை எப்படி சார் கூப்பிடுவாங்க?” என்று கேட்டாள். ஈஸ்வரமூர்த்தி கிளம்பத் தயாராக நின்ற பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கண்ணுன்னு” என்றார்.

காட்சி ஒரே டேக்கில் முடிந்தது. படம் ஓடியது. வெளியான அன்று காலேஜிலிருந்து வந்த நந்திதாவைப் பார்த்து, அம்மா வாயைத் திறந்தபடி வாசலில் நின்றாள். “ஏனுங்கப்பா, அந்த ஒண்ணையாவது உட்டிருக்கக் கூடாதுங்களா?” என்று மகள் கேட்டாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவள் பேச்சில் மிச்சமிருந்ததையெல்லாம் அந்தப் படத்துக்கே எழுதியிருந்தார்; அதுவும் போயிருந்தது. எப்படியோ தப்பியது ‘வாரேனுங்க’ மட்டும். அதன்பின் அவர் பேனாவைத் தொடவில்லை. சண்முகப்ரியா அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே காய் வாங்கினாள், ஆட்டோ பேசினாள், துக்கம் விசாரித்தாள். தெருவும் அதற்குப் பழகிக்கொண்டது.

நந்திதா ஆனைமலையில் வாழ்க்கைப்பட்டதும் அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டாள். காரில் ஏறும்போது சண்முகப்ரியா “வாரேனுங்க” என்றாள். திரும்பி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நந்திதா போன் போட்டு அம்மாவிடம் கொடுப்பாள். “வாரேனுங்க” என்பாள் சண்முகப்ரியா. “செரி அம்மணி” என்பார் அவர். பேச்சு அவ்வளவுதான். அதற்கப்புறமும் இருவரும் வெகுநேரம் போனைக் காதிலேயே வைத்திருப்பார்கள்.