கேட்டு

மட்டாஞ்சேரியில் மிளகும் ஏலக்காயும் ஏற்றுமதி செய்யும் எங்கள் கம்பெனியில், கம்ப்யூட்டர் பிரிவில் நாங்கள் இரண்டே பேர். நான் இசக்கிராஜா, போன வருடம் தூத்துக்குடியிலிருந்து வந்தவன். ரோஜா இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். அவள் மலையாளம் பேசினால் மேனேஜர் பிஜு சேட்டன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார். நான் பேசினால் சிரிப்பார்.

பிரிவுத் தலைவர் பதவி எங்களில் ஒருவருக்கு என்று பேச்சிருந்தது. இன்று காலைக் கூட்டத்தில் சேட்டன் அதை ரோஜாவுக்குக் கொடுத்துவிட்டார்.

"ரிசால்வரிலெ ஓட்டை கண்டுபிடிச்சது ரோஜயாணு, கேட்டோ," என்றார் எல்லாரிடமும்.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இணையதளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைத் தேடித் தரும் மென்பொருள்தான் ரிசால்வர். எங்களிடம் இருந்த பதிப்புக்குக் கோணலாக ஒரு கேள்வி வந்தால் போதும், அப்படியே நின்றுவிடும். ஆபீஸ் முழுக்க இணையம் போய்விடும். வேண்டாத எவனும் அப்படி எங்களை முடக்கலாம். அதைக் கண்டுபிடித்தவன் நான். புதிய பதிப்பை ஏற்றியவனும் நான்தான்.

கூட்டத்துக்கு வராமல் தோப்பும்படியில் உள்ள குடோனுக்குப் போயிருந்த ரோஜா மதியம் சாயாவோடு வந்தாள். நான் தொடவில்லை.

"ஓட்டையைக் கண்டுபிடிச்சது நீதான்னு சேட்டன் சொல்றார். அவர்கிட்ட என்ன சொல்லி வச்ச?"

"நான் ஒண்ணும் பறையலியே அண்ணா. நீங்க அவருக்கு என்ன எழுதுனீங்க?"

சேட்டனுக்கு அனுப்பிய செய்தியைக் காட்டிச் செல்போனை நீட்டினேன். ஓட்டையைப் பற்றி எழுதிவிட்டு, கடைசியில் மலையாளத்தில் 'ரோஜயோடு கேட்டு' என்று முடித்திருந்தேன். புதிய பதிப்பை ஏற்றச் சாப்பாட்டு நேரத்தில் இணையத்தை நிறுத்தலாமா என்று அவளிடம்தானே கேட்டேன்.

"அய்யோ அண்ணா, மலையாளத்துல கேட்டுன்னா காதுல விழுந்ததுன்னு அர்த்தம். நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிஞ்சதுன்னு சேட்டன் விசாரிச்சிருப்பார், அதாவது நினைச்சிருப்பார். நீங்க என்கிட்ட கேட்டதைச் சோதிச்சுன்னு எழுதணும்."

"சோதிச்சுன்னா டெஸ்ட் பண்ணதுன்னு ஆயிடுமே."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

"நான் போய் சேட்டன்கிட்ட சரியாக்குறேன்," என்று எழுந்து போனாள்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவள் பேசுவது தெரிந்தது. நான் செய்த வேலையை, என்னால் சொல்லவே முடியாத அழகோடு சொல்லிக்கொண்டிருந்தாள். பிஜு சேட்டன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பதவி எனக்கே திரும்பி வரும் போலிருந்தது. வயிற்றெரிச்சல் மட்டும் கூடிக்கொண்டே போனது.