முதல் இருபது நிமிடம்

நெட்ரா ஆக்சிலேட்டரில் காலை வைத்தாள். அடுத்த இருபது நிமிடத்துக்கு ராய்ஸின் மானம் மரியாதை எல்லாம் அவள் பாதத்துக்குக் கீழே.

மேற்கு வர்ஜீனியாவின் அந்த மலையூரில், கழற்றிப் புதிதாய்க் கட்டிய எஞ்சினை முதல்முறை கிளப்புவது ஞானஸ்நானம் மாதிரி. சனிக்கிழமை காலையிலேயே மடக்கு நாற்காலியும் பீரும் உருளைக்கிழங்கு சாலட்டுமாய் அக்கம்பக்கம் கூடிவிடும். கிளம்பிய எஞ்சினை இருபது நிமிடம், நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்குக் கீழே விடவே கூடாது. விட்டால் உள்ளே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் தேய்ந்து, கட்டியதெல்லாம் குப்பை.

ராய்ஸ் அவளைக் கூப்பிட்டது அதற்குத்தான். "எனக்கு முட்டி வலி. கால் நிதானமா நிக்கணும்னா ஹார்லன் பொண்ணுதான். உக்காரு கண்ணு."

ஹார்லன் அவள் அப்பா. மூன்று வருடம் முன்பு, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தன் எழுபதாம் வருட மாடல் செவெல் காரை நண்பன் ராய்ஸின் பட்டறையில் விட்டுப் போனார். திரும்பி வந்து ஓட்டினால் வண்டி மேடு ஏறவில்லை. "அதுவும் என்னை மாதிரியே மூச்சு வாங்குது" என்றார். அந்தக் குளிர்காலத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

அப்பாவின் வண்டியைப் புதுப்பிக்க நெட்ராவும் தம்பி வெண்டலும் உட்கார்ந்தபோதுதான் எஞ்சினில் பொறித்த எண்ணைச் சுரண்டிப் பார்த்தார்கள். வேறு எண். அப்பாவின் எஞ்சின் ராய்ஸின் நீல நோவா காரில் இருந்தது. ஷெரீஃப் கையை விரித்துவிட்டார். செவெல்லுக்குத் தகரம் தட்டி, சாயம் பூசி, பிரேக் மாற்றி எல்லாம் முடித்தாயிற்று. அந்த மாற்று எஞ்சினைக் கழற்றிப் போட்ட இடம் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரிக் கிடந்தது. வேறு எதையும் அதில் வைக்க வெண்டல் விடவில்லை.

எஞ்சின் கிளம்பியது. நோவாவின் பானெட் கழற்றியிருந்ததால் கண்ணாடிக்கு முன்னாலேயே அது நடுங்கியது. பக்கத்தில் தீயணைப்புக் குடுவையோடு நின்ற வெண்டல் குனிந்து அவள் காதில் சொன்னான்.

"காலை எடு அக்கா. சாகட்டும்."

ஏழாவது நிமிடம் காலைத் தளர்த்தினாள். சுற்றைக் காட்டும் முள் இரண்டாயிரத்து இருநூறு, நூறு என்று இறங்கியது.

"ஏய், தூங்கறியா?" ராய்ஸ் கத்தினார். "உங்கப்பனும் இப்படித்தான். வண்டி கைல இருக்கும், புத்தி எங்கயோ!"

கூட்டம் சிரித்தது. நெட்ராவுக்குக் காது சுட்டது. எஞ்சினைக் கொன்றுவிடலாம். ஆனால் செத்தால் இவனுக்கு என்ன? ஒரு வாரம் புலம்புவான், இன்னொன்று வாங்குவான். அவள் சத்தத்தைக் கேட்டாள். ஒரு பிசிறு இல்லை. அவன் காசு, அவன் உழைப்பு, ஐந்து மாத ராத்தூக்கம். பாவி, நன்றாகவே கட்டியிருக்கிறான்.

காலை அழுத்தினாள். பிறகு முள் அசையவே இல்லை. வெண்டல் அவளை முறைத்துக்கொண்டே நின்றான்.

"இருபது!" ராய்ஸ் கையை உயர்த்தினார். "போதும் கண்ணு, அணைச்சிடு."

நெட்ரா கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டாள். வெண்டலுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரே தாவலில் பீர்ப் பெட்டியையும் சாலட் மேசையையும் வழியிலிருந்து இழுத்தான்.

"ஏய்! எங்க போற?"

"வண்டி உங்களது மாமா. நாளைக்கு வந்து எடுத்துக்குங்க. எங்கப்பாது மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்."

"என்னது உங்கப்பாது?"

"எண்ணைச் சொல்லவா? இத்தனை பேர் முன்னாடி?"

ராய்ஸ் கூட்டத்தைப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

மலைமுகட்டுச் சாலையின் முதல் வளைவில் இரண்டாம் கியர், அடுத்ததில் மூன்றாம் கியர். மேட்டில் எஞ்சின் மூச்சு வாங்கவில்லை, உறுமியது. பின்னால் யாரோ துரத்தி வரும் ஹாரன் சத்தம் நெருங்கியது. அவள் இன்னும் அழுத்தினாள். மேப்பிள் மரத்திலிருந்து ஒரு சிவப்பு இலை சுழன்று வந்து, மூடியில்லாத எஞ்சினின் சுடுகுழாய் மேல் ஒட்டி, சுருண்டு, புகைந்தது.